மெர்க்குரி இறங்கிய இரண்டாம் நாள்

மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் அந்தப் பெட்டியைத் திறப்பேன்.

ஊட்டிப் பக்கத்து நடுவட்டம் ஊருக்குக் கீழே, எங்கள் எஸ்டேட் நர்சரியை ஒட்டின மேட்டில் நாலு காலில் நிற்கிற வெள்ளை மரப்பெட்டி அது. சுற்றிலும் சாய்ந்த சட்டங்கள். காற்று நுழையும், வெயில் நுழையாது. உள்ளே படுத்த மேனிக்கு ஒரு கண்ணாடிக் குழாய். என் மூச்சின் சூடு பட்டு அது ஒரு டிகிரி ஏற்றிக் காட்டிவிடுமோ என்று பயம். அதனால் மூச்சை உள்ளே இழுத்து, கதவைத் திறந்து, எண்ணைப் பார்த்து, கதவைச் சாத்தின பிறகுதான் வெளியே விடுவேன். அது புகையாகப் போகும்.

அன்றைக்கு மூச்சை விடவே மறந்துபோனேன். குழாய்க்குள் இருந்த குச்சி பூஜ்யத்தில் நின்றது.

ஜனவரி மாதம். வருஷம் சரியாக நினைவில்லை. என் தோழி சரசுவின் மகள் கல்யாணத்துக்கு முந்தின பனிக்காலம் என்பது மட்டும் தெரியும்.

இந்தத் தொடரை இந்த வாரம்தான் கையில் எடுத்தவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். நர்சரியில் தேயிலை நாற்று வளர்ப்பதுதான் என் வேலை. அதோடு கூட, காலையில் அந்தப் பெட்டியைத் திறந்து ராத்திரிக் குளிரை நோட்டில் எழுதும் வேலையையும் எனக்குக் கொடுத்திருந்தார்கள். கொடுத்தவர் ஆபீஸ் ஹெட் கிளார்க் ஜெயராஜ் ஐயா. படித்த பெண்கள் இருக்கும்போது எனக்கு எதற்கு என்று கேட்டேன். “பயந்தவங்கதான் தினமும் போய்ப் பார்ப்பாங்க” என்றார்.

சட்டைப் பையில் பேனா வைத்துக்கொண்டு வேலைக்குப் போகிற ஒரே பெண் நான்தான் அந்த மலையில். ஒன்று எழுதாமல் போய்விட்டால் என்ன செய்வது என்று மூன்று பேனா வைத்திருப்பேன்.

அட்டையில் எழுதின பெயர்

ஊட்டியிலிருந்து ஒரு நிருபர் தினமும் காலையில் எனக்கு போன் பண்ணுவார். பெயர் இக்பால். கடைத்தெரு வியாபாரக் குடும்பம். அவர் மட்டும் கடையில் உட்காராமல் இங்கிலீஷ் பேப்பருக்குச் செய்தி எழுதப் போய்விட்டார். என்னை அக்கா என்பார். நான் எண்ணைச் சொல்வேன். மறுநாள் அது பேப்பரில் வரும்.

ஆபீசுக்கு வருகிற பேப்பரை ஐயா படித்து முடித்ததும் நான் வாங்கிப் பார்ப்பேன். எனக்கு இங்கிலீஷ் எழுத்துக் கூட்டத்தான் வரும். முதல் தடவை எங்கள் எஸ்டேட் குளிர் பேப்பரில் வந்த அன்றைக்கு, தலைப்பின் முதல் வார்த்தையைக் கூட்டிப் பார்த்ததும் விரலை அங்கேயே வைத்து மறுபடி கூட்டினேன்.

மெர்க்குரி.

அந்த வார்த்தை எனக்குத் தெரியும். ஏழாவது படிக்கும்போது விஞ்ஞான டீச்சர் ஒன்பது பிள்ளைகளை மைதானத்தில் நிறுத்தினார். ஆளுக்கு ஒரு அட்டை. ஒரு பக்கம் தமிழில், மறுபக்கம் இங்கிலீஷில் கிரகத்தின் பெயர். நடுவில் ஃபிலோமினா பித்தளைத் தட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சூரியனாக நின்றாள். நான் வகுப்பிலேயே குள்ளம். அதனால் தட்டுக்குப் பக்கத்தில் நிற்க என்னைப் பிடித்தார்கள். என் அட்டையின் ஒரு பக்கம் ‘புதன்’. மறுபக்கம் ‘மெர்க்குரி’. மற்றவர்கள் ஒரு சுற்று வருவதற்குள் நான் நாலு சுற்று ஓட வேண்டும். ஓடினேன். தலை சுற்றி விழுந்தேன். அந்த வருஷமே அம்மா படுத்த படுக்கையானதால் பள்ளிக்கூடம் நின்றது. நான் கடைசியாகப் படித்த பாடம் அதுதான் என்றுகூடச் சொல்லலாம்.

அந்தப் புதனுக்கு எங்கள் மலையில் என்ன வேலை? தலைப்பை ஐயாவிடம் காட்டினேன். மெர்க்குரி இரண்டு டிகிரிக்கு இறங்கிவிட்டது என்று போட்டிருக்கிறது என்றார். கிரகம் இறங்குவது என்றால் நல்லதாக இருக்காதே என்று எனக்கு ஒரு கலக்கம். நான் கோயிலுக்குப் போய் ஜெபமாலை சொல்கிறவள், கிரகம் பார்க்கிற பழக்கம் எங்கள் ஊட்டில் கிடையாது. ஆனாலும் கலக்கத்துக்கு எந்தக் கோயில் என்று தெரியுமா?

மறுநாள் இக்பாலிடமே கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. அது கிரகத்தைச் சொல்வது இல்லை அக்கா, பாதரசத்தைச் சொல்வது என்றார். தெர்மாமீட்டரில் பாதரசம் ஏறி இறங்கும். அதனால் குளிர், சூடு என்று எழுத வேண்டிய இடத்தில் மெர்க்குரி என்றே எழுதிவிடுவார்களாம். சென்னையில் வெயில் என்றால் மெர்க்குரி ஏறும். ஊட்டியில் பனி என்றால் மெர்க்குரி இறங்கும். நினைத்தபடி மனசு மாறுகிற ஆளைக்கூட இங்கிலீஷில் அந்தப் பெயரை வைத்தே ஒரு வார்த்தையால் சொல்வார்களாம். அது அந்தக் கிரகத்தின் குணமாம். ஓடிக்கொண்டே இருக்குமாம்.

அது எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். ஓடினவள் நான்தானே.

பாதரசமும் எனக்குத் தெரியும். சின்ன வயதில் எஸ்டேட் டிஸ்பென்சரியில் கம்பவுண்டர் கை தவறிக் காய்ச்சல் குழாயைக் கீழே போட்டார். சிமென்ட் தரையில் வெள்ளி மணி மணியாக ஓடியது. விரலால் தொட்டால் இரண்டாகும். இரண்டும் முட்டினால் ஒன்றாகும். அதைத் தொடாதே என்று கத்தி என் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டார். விஷம் ஏறிவிட்டதோ என்று ஒரு வாரம் நாக்கைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாமும் சும்மா இல்லை. புதனைக் கிழமையாக்கி வைத்திருக்கிறோம். சனியைத் திட்டுவதற்கு வைத்திருக்கிறோம். அவர்கள் புதனை எடுத்துக் குளிருக்கு வைத்துக்கொண்டார்கள். எத்தனையோ கோடி மைலுக்கு அப்பால் சூரியனை ஒட்டிச் சுற்றுகிற ஒன்றின் பெயர், நடுவட்டத்துப் புல்லில் பனி விழுந்ததைச் சொல்ல வந்து நிற்கிறது. இதை நினைத்தபடி பல நாள் நாற்றுக்குத் தண்ணீர் விட்டிருக்கிறேன்.

வெள்ளைப் புல்

பூஜ்யம் காட்டின காலைக்கு வருகிறேன்.

அந்தக் குழாயின் சூட்சுமத்தைச் சொன்னால்தான் பிறகு நடந்தது புரியும். உள்ளே குண்டூசி நீளத்துக்கு ஒரு கறுப்புக் குச்சி இருக்கும். குளிரக் குளிரத் திரவம் சுருங்கும், போகும்போது குச்சியையும் இழுத்துக்கொண்டு போகும். விடிந்து சூடானால் திரவம் மட்டும் திரும்பிவிடும். குச்சி அங்கேயே கிடக்கும். ராத்திரி எவ்வளவு ஆழம் போனது என்பதற்கு அதுதான் சாட்சி. எண்ணை எழுதின பிறகு குழாயைச் சாய்த்து, குச்சியைத் திரவத்தின் தலைக்குக் கொண்டுவந்து விட வேண்டும். இல்லையென்றால் அது பழைய சாட்சியையே சொல்லும். ஜெயராஜ் ஐயா முதல் நாளே இதை மூன்று தடவை சொல்லிக் கொடுத்தார்.

பூஜ்யத்தைப் பார்த்து நான் திகைத்து நிற்கும்போது போன் அடித்தது. இக்பால். ஜீரோ என்றேன். நிஜமாவாக்கா என்றார். புல் எப்படி இருக்கிறது என்று கேட்டார். திரும்பிப் பார்த்தேன். கீழே சதுப்பு ஓரம் முழுக்க உப்புக் கொட்டினது மாதிரி வெள்ளை. வெயில் வருவதற்குள் ஒரு போட்டோ எடுத்து அனுப்ப முடியுமா என்று கேட்டார்.

பெட்டியைச் சாத்திவிட்டு ஓடினேன். கொக்கி போட்டேனா என்று பாதி வழியில் திரும்பி வந்து பார்த்துவிட்டு மறுபடி ஓடினேன். மண்டி போட்டு ஏழெட்டுப் படம் எடுத்தேன். ஒவ்வொரு புல்லின் ஓரத்திலும் கண்ணாடி முள் மாதிரிப் பனி. மறுநாள் அதில் ஒன்று பேப்பரில் வந்தது. என் பெயர் இல்லை. ஆனாலும் அது நான் எடுத்தது.

கொக்கியை நினைத்த எனக்குக் குச்சி நினைவுக்கு வரவில்லை.

பெரணி வெட்டப் போனவர்கள்

மறுநாள் காலை மேகம். புல் ஈரமாக இருந்தது, வெள்ளையாக இல்லை. மேட்டில் ஏறும்போது ஸ்வெட்டருக்குள் வேர்த்தது. பெட்டியைத் திறந்தேன். குச்சி பூஜ்யத்தில். திரவம் எட்டுக்குப் பக்கத்தில் நின்றது. அதையும் பார்த்தேன்.

எனக்கு வேர்த்ததை நான் நம்பவில்லை. கண்ணாடி சொல்கிறது, நான் யார் என்று இருந்தது. பூஜ்யம் என்று எழுதினேன். இக்பாலுக்கும் அதையே சொன்னேன். இரண்டாவது நாளாகவா என்று அவர் குரலில் ஒரு சந்தோஷம்.

எங்கள் எஸ்டேட்டில் ஒரு வழக்கம் உண்டு. இரண்டு நாள் தொடர்ந்து பூஜ்யம் வந்தால் கொழுந்து பறிப்பதை நிறுத்திவிட்டு எல்லாரும் பெரணி வெட்டப் போக வேண்டும். பள்ளத்தில் புதிதாக நட்ட இளந்தேயிலை பனி பட்டால் ஒரே ராத்திரியில் கருகிவிடும். பெரணித் தழையை ஒவ்வொரு செடிக்கும் குடை மாதிரிக் குத்தி வைத்தால்தான் தப்பும். பெரணி வளர்வது சோலைக் காட்டை ஒட்டின செங்குத்துச் சரிவில். ஈரத்தில் சோப்பு மாதிரி வழுக்கும்.

அன்று மத்தியானம் அந்தச் சரிவில் சரசு வழுக்கி விழுந்தாள்.

சரசுவும் நானும் ஒரே வயது. அவள் குடும்பம் சிலோன் தோட்டத்திலிருந்து திரும்பி வந்தது. இன்னமும் லைன் வீட்டை லயம் என்றுதான் சொல்வாள். கொழுந்து எடுப்பதில் அவளை முந்த ஆள் இல்லை. அவளைத் தூக்கிக்கொண்டு நாலு பேர் ஏறி வந்தார்கள். கணுக்கால் அதற்குள் பந்து மாதிரி வீங்கியிருந்தது. டிஸ்பென்சரியில் கட்டுப் போட்டு, ஒரு மாதம் காலை ஊன்றக் கூடாது என்றார்கள். மகள் கல்யாணத்துக்கு இரண்டு மாதம்தான் இருந்தது. நான்தான் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பாழாய்ப்போன பனி என்று நானே திட்டினேன்.

மூன்றாம் நாள் காலை. குச்சி மறுபடியும் பூஜ்யத்தில்.

மூன்று நாளும் ஒரே எண்ணா? கையை நீட்டிக் குழாயைச் சாய்த்தேன். குச்சி மெல்ல நழுவிப் போய் ஒன்பதில் நின்றது.

பிடித்திருந்த மூச்சு பெட்டிக்குள்ளேயே போய்விட்டது. போன் அடித்தது. எடுக்கவில்லை.

சரசு ஊட்டில்

நேராக ஆபீசுக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. சொன்னால் நோட்டுப் போய்விடும். பேனா போய்விடும். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. பனி வருவதும் போவதும் யார் கையில்? சரிவில் வழுக்குவதும் புதுசு இல்லை. இப்படி எல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டு நடந்தேன். கால் லைன் வீட்டுப் பக்கம் போய் நின்றது.

சரசு கட்டிலில் உட்கார்ந்து, காலைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் வாசலிலேயே நின்று சொல்லிவிட்டேன். குச்சியைத் திருப்பி வைக்காததை, போட்டோ எடுக்க ஓடினதை, எல்லாவற்றையும்.

அவள் கையிலிருந்த கத்தி நின்றது.

“அப்ப முந்தாநாத்து ராத்திரி பனியே விழல?”

“இல்ல.”

“எனக்குத் தெரியும்டி” என்றாள். “நேத்துக் காலையில வாளி எடுக்கப் புல்லுல வெறுங்காலோட நடந்தேன். பனியிருந்தா கால் சொல்லாதா? ஆனா நீ கண்ணாடியப் பாத்து எழுதியிருக்கே. படிச்சவ சொல்றப்ப நான் என்னத்தப் பேசுறது?”

படித்தவள். ஏழாவது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவள் விடவில்லை. “அழுது என்ன பண்ண? உன்னோட மெர்க்குரிக்கு ஒரு கால் போதுமா, இன்னொண்ணும் வேணுமா?”

சிரிக்கிறாளா திட்டுகிறாளா தெரியவில்லை. பிறகு பீன்ஸைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “போய் ஆபீஸ்ல சொல்லிட்டு வா. இன்னைக்கும் ஆளுங்களப் பெரணிக்கு அனுப்பியிருக்காங்க. அங்க இருக்கறவளுக்கெல்லாம் கால் இருக்கு.”

அது எனக்குத் தோன்றவே இல்லை. ஓடினேன்.

ஜெயராஜ் ஐயா ஒரு வார்த்தை திட்டவில்லை. முதலில் சரிவுக்கு ஆள் அனுப்பி எல்லாரையும் திரும்பி வரச் சொன்னார். பிறகு நோட்டை வாங்கி, இரண்டாம் நாள் பூஜ்யத்தைச் சிவப்பு மையால் அடித்தார். அந்த இடத்தில் என்ன எழுதுவது என்று கேட்டார். தெரியாது என்றேன். நிஜமாகவே அது யாருக்கும் தெரியாது. அந்த ராத்திரியின் குளிர் எவ்வளவு என்பது போனது போனதுதான். ‘தெரியவில்லை’ என்று எழுதினார். நோட்டை மேஜை டிராயருக்குள் வைத்தார். நான் பேனாவைக்கூட எடுத்துக் கொடுத்தேன். அது உங்களதுதானே என்று திருப்பித் தந்துவிட்டார்.

அந்த வாரம் பெட்டியைப் பார்க்கும் வேலை ஃபேக்டரி வாட்ச்மேனுக்குப் போனது.

சிவப்புத் தண்ணி

அன்று சாயங்காலம் இக்பாலுக்கு நானே போன் பண்ணினேன். நடந்ததைச் சொன்னேன். செய்தியைப் பார்த்துவிட்டுப் பனி பார்க்க எங்கெங்கிருந்தோ வண்டி வந்ததாகவும், குழந்தைகளுக்குக் குல்லா போட்டுக் கூட்டி வந்தவர்கள் ஈரப் புல்லைப் பார்த்துவிட்டுப் போனதாகவும் சொன்னார். மறுநாள் பைக்கை எடுத்துக்கொண்டு அவரே வந்துவிட்டார்.

அவருக்கு ஊடு பெர்ன்ஹில்லில். பெரணிக்கு இங்கிலீஷில் பெர்ன் என்று பெயர்; அந்தப் பெயரை வைத்த ஊரில் குடியிருக்கிறவருக்குப் பெரணித் தழையைக் கையில் கொடுத்தால் இது என்ன செடி என்று கேட்டார். அந்த நிலைமையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டுப் பெட்டியைத் திறந்து காட்டினேன். குனிந்து பார்த்தவர் நிமிரவே இல்லை.

“அக்கா, இதுல மெர்க்குரி எங்க இருக்கு?”

குழாயில் இருந்தது சிவப்புத் தண்ணி. வெள்ளி இல்லை. நான் தினமும் பார்த்த சிவப்புதான். இத்தனை வருஷத்தில் எனக்கும் அந்தக் கேள்வி வரவில்லை. உள்ளே போய் ஜெயராஜ் ஐயாவைக் கேட்டோம். ராத்திரிக் குளிர் பார்க்கிற குழாயில் சாராய வகைத் திரவம்தான் ஊற்றுவார்கள், பகல் சூடு பார்க்கிற குழாயில்தான் பாதரசம் என்றார். அப்படியென்றால் இத்தனை பனிக்காலமாகப் பேப்பரில் இறங்கினது எது? பாதரசம் இறங்கவே இல்லை. பாதரசம் அங்கே இருந்ததே இல்லை.

இக்பால் தலையைச் சொறிந்தார். இனிமேல் பேப்பர் ஆபீஸ் டெஸ்கில் சொல்லிப் பார்க்கிறேன், ஆனால் மாற்ற மாட்டார்கள் என்றார். அந்த வார்த்தைக்கு இனிமேல் உள்ளே சாமான் எதுவும் தேவையில்லை, தானாகவே ஓடும் என்பது மாதிரி ஏதோ சொன்னார்.

இரண்டு நாள் கழித்துப் பேப்பரில், உள்பக்க மூலையில், நாலு வரி வந்தது. குறிப்பிட்ட நாளில் வந்த அளவு தவறு, வருந்துகிறோம் என்று. அதை ஐயா எனக்குப் படித்துச் சொன்னார். நான் எழுத்துக் கூட்டிப் பார்த்தேன். மெர்க்குரி என்ற வார்த்தையைக் காணோம். டெம்பரேச்சர் என்று இருந்தது. தப்பைத் திருத்தும்போது மட்டும் அவர்கள் அந்தக் கிரகத்தைக் கூப்பிடவில்லை. அது ஏன் என்று இன்றைக்கும் யோசிப்பேன்.

வாட்ச்மேன் ஒரு வாரமும் நாலு டிகிரி என்றே எழுதியிருந்தார். ஒரு நாள்கூட மேட்டில் ஏறவில்லை என்று பிறகு தெரிந்தது. அடுத்த திங்கள்கிழமை ஆபீஸ் சன்னலுக்கு முன்னால் நான் போகும்போது, ஐயா நோட்டை வெளியே நீட்டினார். திறந்து பார்த்தேன். எண் எழுதுகிற கட்டத்துக்குப் பக்கத்தில், ஸ்கேல் வைத்துப் புதிதாக ஒரு கட்டம் போட்டிருந்தார். அதன் தலையில் ‘புல்’ என்று எழுதியிருந்தது.

இப்போது

கல்யாணத்தன்று சரசு மகளை மேடைக்கு அழைத்து வந்தபோது லேசாக விந்தி விந்திதான் நடந்தாள். நான் பந்தியில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சோறு இறங்கவில்லை. அவள் வந்து என் இலையில் இன்னொரு ஜிலேபி போட்டுவிட்டு, சாப்பிடுடி, கால் என்னோடது, வாய் உன்னோடது என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இப்போது ஆபீசில் பேட்டரி போட்ட சின்ன மெஷின் வந்துவிட்டது. அதில் வெள்ளியும் இல்லை, சிவப்பும் இல்லை. எண் மட்டும் மின்னும். இக்பால் இன்னமும் மெர்க்குரி என்றுதான் எழுதுகிறார். மெஷினை நம்பாமல் நான் பழைய பெட்டியையும் பார்க்கிறேன். அதற்கு முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டுப் புல்லில் நாலு எட்டு நடக்கிறேன்.

ஆனால் பனிக்காலத்தில் எனக்கு முதல் போன் இக்பாலிடமிருந்து வருவதில்லை. சரசுவிடமிருந்து வருகிறது. குளிர் இறங்கினால் அவளுக்கு அந்தக் கணுக்கால் குடையும். “இன்னைக்கு ஜாஸ்திடி, போய்ப் பாரு” என்பாள். இதுவரை அது தப்பினதில்லை.

போன டிசம்பரிலும் அப்படித்தான். அவள் சொன்னாள், போனேன், புல் வெள்ளையாக இருந்தது, குச்சி ஒன்றில் நின்றது. இக்பால் கூப்பிட்டு, மெர்க்குரி எவ்வளவுக்கா என்றார். ஒன்று என்றேன். புல் வெள்ளை என்றேன். அவர் எழுதிக்கொண்டு போனை வைக்கப் போனார்.

“இருங்க தம்பி” என்றேன். ஒரு கையில் போன், மறுகையால் குழாயைச் சாய்த்தேன். குச்சி நழுவித் திரவத்தின் தலையில் வந்து நின்றதை இரண்டு தடவை பார்த்தேன்.

“ம், திருப்பி வெச்சிட்டேன். இப்ப வைங்க.”